பவளக்கா எழும்பிய கதிரை

ஞாயிறு, இரவு

பவளக்கா இன்று தலைவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எங்கள் சமூகப் பணியாளர் சங்கத்தில் ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது. அக்காவுக்கு இரண்டும் முடிந்துவிட்டது. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும், செயலாளராக நான் அடுத்த தலைவருக்குப் பெயர் கேட்டதும் நிர்வாகக் குழு முழுவதும் அவர் பெயரையே சொன்னது. நானும்தான். அவர் இல்லாமல் கூட்டம் நடத்தி எங்களுக்குப் பழக்கமில்லை.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன கிழமைதான் மூதூரில மாதர் சங்கத் தலைவியை மாறச் சொல்லிப்போட்டு வந்தனான். ஊருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமோ?"

பிறகு என் பெயரை முன்மொழிந்தார். "எனக்கு ஏலாதக்கா" என்றேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "எழும்பும் பிள்ளை. அங்க போய் இரும்."

போய் இருந்தேன். கிண்ணியாக் கிளை விஷயம் வந்தபோது பழக்கத்தில் அவரைத்தான் பார்த்தேன். அக்கா கையை உயர்த்தினார்.

"தலைவர் அனுமதிச்சாத்தான் நான் கதைப்பன்."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அனுமதித்தேன். எல்லாருடைய தேத்தண்ணியும் ஆறும்வரை கதைத்தார். இனி அவரை நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நான்தான். இன்று மட்டும் விட்டுவிட்டேன்.