அம்மாவின் கிரைண்டர் விற்பனைக்கு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி மறுபடியும் வந்தார். கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் அம்மாவின் சாமான்களை இந்த மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டுமாம். "எலி வருதுங்க மேடம்." எலி அவர் வீட்டு பால்கனியிலிருந்துதான் வருகிறது. சொல்லவில்லை.

அப்பா போனபின் சத்தியமங்கலத்து வாடகை வீட்டைக் காலி செய்து, அம்மாவையும் சாமான்களையும் ஒரே நாளில் ஆர்.எஸ்.புரம் கொண்டுவந்தோம். அம்மாவுக்கு எங்கள் ஃபிளாட்டில் இடம் இருந்தது. சாமான்களுக்கு இல்லை. என் வீட்டுக்காரர் ரவி சொன்னார், ஆன்லைனில் போடு, போட்டோ எடுத்துப் போட்டால் முடிந்தது என்று. சொன்னவர் டிவி முன்னால். போட்டோ எடுப்பது நான்.

போட வேண்டியவை: டேபிள் டாப் கிரைண்டர் (தேங்காய் துருவியோடு). இரும்புக் கட்டில். பீரோ. பித்தளைக் குடம். பால் காய்ச்சும் குண்டா. பீங்கான் உப்புச் சாடி.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "செரி கண்ணு" என்றாள். அவ்வளவுதான். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடவுளே. இப்படியும் மனிதர்களா.

ஒருவர்: "சும்மா தருவீங்களா?" இன்னொருவர்: "கட்டிலில் யாராவது இறந்திருக்கிறார்களா?" மூன்றாவது ஆள் சாமானைப் பார்க்கவே வேண்டாம் என்றார். உடனே பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். ஸ்கேன் செய்யப் போனேன். ரவி பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். செய்திருந்தால் நம் பணம் போயிருக்குமாம். கிளினிக்கில் நாள் முழுக்க ரிசப்ஷனில் உட்கார்ந்து பணம் வாங்குகிறவள் நான்.

இதைவிடக் கொடுமை: பித்தளைக் குடத்தைப் பளபளவென்று தேய்த்து எடுத்த போட்டோவில் குடத்துக்குள் நான் தெரிகிறேன். நைட்டியில். கோயமுத்தூர் முழுக்கப் பார்த்தாயிற்று.

அம்மா சிரித்த சிரிப்பு. "ஊருக்கே நைட்டியக் காட்டிப்போட்டியே!" அம்மா இப்படிச் சிரித்து எத்தனை காலம்.

ஆகஸ்ட் 13, புதன்

அவிநாசியிலிருந்து பழனியம்மாள் என்று ஒருவர். புரொஃபைலில் மயில் படம். எல்லாச் சாமானும் வேண்டுமாம். பேரம் பேசவே இல்லை! இந்த ஊரில் பேரம் பேசாமல் யாராவது ஒரு கட்டு கீரை வாங்கியிருக்கிறார்களா? நிச்சயம் ஏமாற்றுக்காரி என்று நினைத்தேன். முன்பணம் வந்தே விட்டது. ரவி மூன்று தடவை சரிபார்த்தார்.

போனிலும் பேசினார். வயதான குரல். "ஏனுங்க அம்மணி, ஆடி மாசத்துல சாமான் எடுக்கறதில்லீங்க. ஆவணி பொறக்கட்டும், வளர்பிறைல வண்டி அனுப்பிப்போடறனுங்க." பழைய கிரைண்டருக்கு வளர்பிறையா! சரி, அவரவர் நம்பிக்கை.

ஆகஸ்ட் 16, சனி

பீளமேட்டிலிருந்து ஒருவர். கிரைண்டரை இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன், கூடுதலாகவும் தருகிறேன் என்றார். வரச் சொல்லலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்தம்மாளுக்குச் சொல்லிப்போட்டு இன்னொருத்தருக்குக் குடுக்கறதா? நல்லாருக்குதா கண்ணு?"

கட்டிலை விற்கிறேன் என்றபோது மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு பொம்பளைக்காகப் பட்டினி! பீளமேட்டுக்காரரிடம் விற்றாயிற்று என்று பொய் சொன்னேன். அம்மா தட்டைத் திரும்ப இழுத்து ரசம் கேட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பிரதோஷம். அம்மா வழக்கம்போல் ஒரு பையோடு பஸ் பிடித்து அவிநாசி கோவிலுக்கு. முடிந்தால் அந்தப் பழனியம்மாள் வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்றேன். வீடு என்று ஒன்று இருக்கிறதா என்றாவது தெரியட்டும்.

சாயங்காலம் தாமதமாக வந்தாள். முகம் தெளிவு. "பாத்தேன். நல்ல ஊடு. சன்னலத் தொறந்தா காத்து கொட்டுது." அந்தம்மா எப்படி என்றேன். "நல்ல மாதிரி." விபூதி பூசிவிட்டாள். தூங்கப் போய்விட்டாள்.

மறக்கக் கூடாது: கேஸ் புக்கிங். ரவி சட்டை, தையல் கடை.

ஆகஸ்ட் 25, திங்கள்

தூறல். குட்டியானை லோடு வண்டி காலையிலேயே வந்துவிட்டது.

விற்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கழுவினேன். உப்புச் சாடிக்குள் கல்லுப்பும் மேலே ஒரு மஞ்சள் கிழங்கும். யார் போட்டது? சிங்க்கில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன்.

அம்மா போட்ட சத்தம். "உப்பக் கொட்டிப்போட்டியா!"

என்னை அடித்து வளர்த்தவள் இல்லை. குரல் உயர்த்தியதே இல்லை. வண்டிக்காரர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "சாடிய வெறுசா அனுப்புவாங்களா? மொத மொதல்ல உப்பும் மஞ்சளும் போகோணும்னு தெரியாதா?" கண்ணில் தண்ணீர். புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள் அல்லவா உப்பும் மஞ்சளும் முதலில் கொண்டுபோவார்கள்? வாங்குகிறவள் எவளோ, அவளுக்கு இவள் ஏன்? நனைந்துகொண்டு கடைக்கு ஓடி உப்பு வாங்கி வந்தேன். அவளே நிரப்பி, மஞ்சள் வைத்து, துணியால் வாய் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

எனக்கு ஒரே பயம். வயதாகிறது, மூளை தடுமாறுகிறதோ? கிளினிக் டாக்டரிடம் நல்ல நரம்பு டாக்டர் பேர் கேட்க வேண்டும்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை பால்கனியில் நின்றாள். இப்போது அழுவாள் என்று பார்த்தேன். போய்ப் படுத்து குறட்டை விட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கிரைண்டரில் மாட்டும் தேங்காய் துருவி சிங்க்குக்கு அடியிலேயே கிடக்கிறது! முதல் வியாபாரமே இந்த லட்சணம். பழனியம்மாளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கென்னங்க. நாளைக்கு வெள்ளிக்கிழம பால் காச்சறமுங்க. கொண்டுட்டே வந்துருங்க அம்மணி. நீங்க வரோணுமுங்க."

பழைய சாமான் விற்றவளைப் புது வீட்டுக்கு அழைப்பார்களா? சரி என்றுவிட்டேன். கிளினிக்கில் அரை நாள் லீவு. அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் முதல் பஸ்ஸுக்கே கோவிலுக்குப் போறேன். நீ பின்னால வா."

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுத முடிகிற வரை எழுதுகிறேன்.

கோவிலுக்குப் பின்னால் ஒரு தெரு. மாடிப் படி. வாசலில் கோலம், மாவிலை. "வாங்க அம்மணி" என்று கும்பிட்டு வழிவிட்ட அந்த வயதான அம்மாதான் பழனியம்மாள்.

உள்ளே எங்கள் கட்டில். எங்கள் பீரோ. விளக்குக்கு முன்னால் வாய் கட்டிய உப்புச் சாடி. அடுப்பில் எங்கள் குண்டாவில் பால். பக்கத்தில் மடிப்புக் கலையாத புதுச் சேலையில் அம்மா.

இது யார் வீடு என்றேன். யார் குரலோ போல இருந்தது.

"உங்கம்மா ஊடுதானுங்க" என்றார் பழனியம்மாள். "நான் கீழ இருக்கறேன். மேல அவங்களுக்கு வாடகைக்கு. உங்கப்பா பென்ஷன் வருதல்லங்க, பத்துமுங்க. கோவில்லதான் பழக்கம்."

கத்தினேன். விசேஷ வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. "உன் சாமான உனக்கே வித்திருக்கேனேம்மா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாத்தையும் நானே கொண்டுவந்து எறக்கியிருப்பேனே!"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "சாமானக் குடுத்திருப்பே கண்ணு. என்னய உட்டிருப்பியா?"

பால் பொங்கியது. பழனியம்மாள் குலவையிட்டார்.

அம்மா என் கையிலிருந்து துருவியை வாங்கி கிரைண்டரில் மாட்டிப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. முதல் டம்ளர் பால் எனக்கு. "இருந்து சாப்புட்டுப் போ. பொழுதாகறதுக்குள்ள உங்க ஊட்டுக்குப் போயிரு, மழ வரும்."

வீடு வந்து அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஒரு பை கொண்டுபோவாள், திரும்பும்போது விபூதி மட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சேலை ஒன்றும் இல்லை. அப்பா போட்டோ இல்லை. கீழ்த் தட்டில் நான் வாங்கிக் கொடுத்தவை மட்டும்: பூப்போட்ட நைட்டிகள், வெந்நீர்ப் பை, மூட்டு வலி பெல்ட்.

ஒன்றிலும் கவர்கூடப் பிரிக்கவில்லை.