விரிந்த இடது கை

விசிட்டா, மே 9, 1954

என் அன்பு லொரீனுக்கு,

நலமா? இங்கே நான் சுத்தமாக நலமில்லை. பேஸ்பாலில் நான் வீசும் வளைபந்தை எல்லோரும் மட்டையால் வெளுத்து வாங்குகிறார்கள். பந்து என் கையை விட்டுக் கிளம்பும் முன்பே என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "இன்னும் ஒரு ஆட்டம் இப்படிப் போச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கடா" என்று மேனேஜர் கத்துகிறார். கல்யாணமானதிலிருந்து நம் கொல்லையில் என் பந்துகளைப் பிடித்தவள் நீ. என்னிடம் என்ன தப்பு? என்மேல் கோபம் இருந்தாலும் இதை மட்டும் சொல்லிவிடு.

உன் எம்மெட்

நெப்ராஸ்கா, மே 14

எம்மெட்டுக்கு,

சோளம் விதைத்தாயிற்று. நாய்தான் உன்னைத் தேடுகிறது.

கையுறைக்குள் பந்தை மறைத்துக்கொண்டு, வளைபந்துக்காக அதன் தையல்மேல் விரலை அழுத்துகிறாய் அல்லவா? அப்போது கையுறை மாட்டிய உன் இடது கை அதை விரிக்கிறது. வேகப்பந்துக்கு விரிப்பதில்லை. மட்டை பிடிப்பவன் என்ன குருடனா? இனி எந்தப் பந்துக்கும் முதலிலேயே விரித்து வை. பழகிவிடும்.

கையுறை இல்லாவிட்டாலும், எதையாவது மறைக்கும்போது உன் கை அப்படித்தான். "அந்த ஓட்டல்காரி யாருன்னே எனக்குத் தெரியாது லொரீன்" என்று பஸ் நிலையத்தில் சொன்னாயே, அப்போது உன் இடது கை விரல்கள் அத்தனையும் விரிந்து நின்றன. உன்னை வழியனுப்பிவிட்டு வந்து அழுதேன்.

லொரீன்

விசிட்டா, ஜூலை 2

என் கண்ணே,

நீ மகராசி! மட்டையோடு வருகிறவன் எல்லாம் திருதிருவென்று முழிக்கிறான். மேனேஜர் தோளில் தட்டிக்கொடுக்கிறார். "தூக்கத்துலகூட உன் இடது கை விரிஞ்சே கெடக்குடா" என்று அறைத்தோழன் கேலி செய்கிறான்.

பஸ் நிலையத்தில் சொன்னது பொய்தான். இப்போது அவளை விட்டுவிட்டேன், சத்தியமாக. ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்து நேரில் சொல்கிறேன். என் கையைப் பார்த்துக்கொண்டே கேள்.

உன் எம்மெட்

நெப்ராஸ்கா, ஜூலை 20

எம்மெட்டுக்கு,

வீட்டுக்கு வந்தபோது, "எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே எனக்கு நீ மட்டுந்தான்" என்றாய். நான் உன் கையையே பார்த்தேன். விரிந்திருந்தது. மறுபடியும் பொய் என்று நினைத்தேன். அப்புறம் சாப்பிடும்போது, "அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளேன்" என்றாய். அப்போதும் விரிந்திருந்தது. நாயைத் தடவும்போதும் அப்படியே.

நீ சொன்னது நிஜமாகவே இருக்கலாம். நான் சொல்லிக்கொடுத்ததை நன்றாகப் பழகிவிட்டாய், பாவி. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உன் எதிரே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. இனி வராதே.

உன் பெட்டியை அனுப்புகிறேன். நான் பந்து பிடித்த கையுறையும் அதில் இருக்கிறது.

நன்றாக வீசு.

லொரீன்