உன் கூடைக்குள் இருந்த காற்றின் விலை

அடியே,

என் ஸ்வெட்டரில் புகை வாசம் இன்னும் போகவில்லை. உன் தேயிலைக் கொழுந்துக் கூடையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நாள்கணக்காகக் காயவைத்த வாசம். "என்னா, பிரம்ப பொரியல் பண்றியா?" என்று உன் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நீ போன பிறகும் அவளுக்கு வாய் குறையவில்லை.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் உன் மகளால் உன் சாவுக்கு வர முடியவில்லை. அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: "சின்னம்மா, அம்மாவோட கூடை வேணும். முழுசா வேணும்." விமானத்தில் எடைக்குத்தானே காசு? ஈரம் போனால் எடை குறையும் என்று கணக்குப் போட்டேன். எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, தண்ணீருக்கென்று கணக்கெழுதும் கிராணி உன் எடையில் கழித்தாரே, அன்றைக்கு என்ன கேட்டாய்? "கழிச்சுக்கங்கய்யா. அந்தத் தண்ணிய மேட்டுலேர்ந்து சொமந்துட்டு வந்தது ஒங்க பொண்டாட்டியா?" பின்னால் நின்று சிரித்ததற்கு என் மூட்டையிலும் சேர்த்துக் கழித்தார்.

தானா ராத்தா டவுனில் பார்சல் அனுப்பும் கடைக்குப் போனேன். காய்ந்த கூடை தராசில் இரண்டு கிலோகூட இல்லை. நான் பெருமையாக நின்றேன். கடைப்பெண் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையைப் பெட்டியில் வைத்து டேப்பை எடுத்தாள். நீளம், அகலம், உயரம். பெருக்கினாள், ஐயாயிரத்தால் வகுத்தாள்.

"இருவத்தி நாலு கிலோ ஆண்ட்டி."

"யாரு, நானா?"

"கூடைதான்லா. பிளைட்டுல எடம் அடைக்குது இல்ல? எடையா எடமா, எது கூடவோ அதுக்குத்தான் காசு."

அதோடு விட்டார்களா? விமான எண்ணெய் விலைக்கு ஒரு கட்டணம், எக்ஸ்ரேயில் பார்ப்பதற்கு ஒன்று, நாம் மலையில் குடியிருக்கும் குற்றத்துக்கு ஒன்று. அப்புறம் அவள் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னாள். "நாலா வெட்டி அடுக்கிட்டா பெட்டி சின்னதாயிரும் ஆண்ட்டி. அங்க ஒட்டிக்கலாம்."

உன் கூடையை. நாலாக. அந்த டேப்பாலேயே அவள் வாயைக் கட்டியிருப்பேன். பாவம், சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை.

"காத்துக்குக் காசு வாங்குறியே, அந்த எடத்துல நான் எதையாச்சும் வச்சா?"

"இருவத்தி நாலு கிலோ வரைக்கும் அதே காசுதான்."

விடுவேனா? நம் பாக்டரி தேயிலையை வாங்கி விளிம்புவரை திணித்தேன். உன் மகள் அயர்லாந்துக்காரர்களுக்கெல்லாம் டீ ஊற்றிச் சாகட்டும். நகைச் சீட்டுக் காசு மொத்தமும் போயிற்று. உனக்குத்தானே, சொல்லிக்காட்டாமல் இருப்பேனா?

கூடை போய்ச் சேர்ந்தது. அவள் வீடியோவில் வந்தாள், முதுகில் மாட்டிக்கொண்டு. "சின்னம்மா, ஒரு பக்கம் மட்டும் உள்ள குழிஞ்சிருக்கு. சாஞ்சா அம்மா முதுகு மாதிரியே இருக்கு."

பெட்டியின் ஓரத்தில், கூடை குழிந்த பக்கமாக, தேயிலை புகாத ஒரு இடுக்கு இருந்தது, அடியே. வெறும் காற்று என்று நான் திட்டித் தீர்த்த இடம். இத்தனை வருஷம் உன் முதுகு இருந்த இடம் அது. அதற்கும் டேப் பிடித்துக் காசு வாங்கிவிட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். உன் முதுகுக்கும் விலை போட்டுவிட்டார்களே என்ற இந்த அருவருப்பு மட்டும் எந்தப் பெட்டிக்கும் அடங்காமல் என்னோடு கிடக்கிறது.