கழுவிய பல்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பாதியில் ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய எக்ஸ்ரே படத்தை எங்கள் ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் காட்டினேன். சின்ன வயதில் நீ விழுந்த அன்றைக்கு உனக்குப் பல்லைத் திரும்ப வைத்தவரே அவர்தான். வேர் என்று ஒன்றும் மிச்சமில்லை, எலும்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, அங்கே உன் டாக்டர் வியாழக்கிழமை எடுக்கச் சொன்னது சரிதான் என்றார். வேறு வழி உண்டா என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அதுவரை கடினமாக எதையும் கடிக்காதே. பட்டினியும் கிடக்காதே.

பன்னிரண்டு நாளைக்கு முன் அம்மாவிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாய், நீ அன்னிக்கு அந்தப் பல்லைத் தேய்க்காம இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று. நீ போனை வைத்த பிறகும் அவள் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் நீ அவளோடு பேசவே இல்லை.

அம்மா தேய்க்கவில்லை. நான்தான் தேய்த்தேன்.

பள்ளிக்கூடப் படிக்கட்டில் நீ விழுந்தபோது உனக்கு ஒன்பது வயது. முன்பல் வேரோடு கழன்று வந்துவிட்டது. அம்மா பல்லைக் கையில் பொத்திக்கொண்டு, உன்னை அழைத்துக்கொண்டு நேராக என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பல் டாக்டர் இருந்தது மாடியில். ஒரே ஒரு மாடி. நீ வாயில் துண்டோடு பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாய். அவள் மேலே ஓடப் பார்த்தாள். இந்த அழுக்கோட டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது, குடு, ரெண்டு நிமிஷம் என்று நான்தான் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, காயவைத்து, கவரில் போடுவது என் வேலை. பதினாறு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கத்தரிகூடக் கறையோடு போனதில்லை. அந்தத் திமிர். மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். வேரில் ஒட்டியிருந்த சதை போகும்வரை பிரஷ்ஷால் தேய்த்தேன். சூடான காற்றில் உலர்த்தினேன். கவரில் போட்டு ஒட்டி, வழக்கம்போல மேலே நேரமும் எழுதினேன். அம்மா இரண்டு முறை கதவைத் தட்டினாள். இதோ ஆச்சு என்றேன். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அந்தச் சதைதான் பல்லைப் பிடித்து வைக்கிற உயிர் என்று எனக்குத் தெரியாது.

மாடிப்படியிலேயே அவள் கவரைக் கிழித்து என்னிடம் எறிந்துவிட்டு, பல்லை உள்ளங்கையில் வைத்து டாக்டரிடம் நீட்டினாள். இதை இப்படிச் சுரண்டினது யாரு, பாலில் போட்டு அப்படியே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். நாலு பேர் முன்னால் என் வேலையைப் பாராட்டியவர். வீட்டுல கழுவிட்டாங்க போல டாக்டர் என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். ஆமா டாக்டர், நான்தான், தெரியாம பண்ணிட்டேன் என்றாள்.

வைக்கிறேன், சில வருஷம் நிக்கும், நீ வளரும்போது மற்ற பல்லெல்லாம் இறங்கும், இது மட்டும் மேலேயே நின்றுவிடும், கடைசியில் போய்விடும் என்று அன்றைக்கே அவர் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதிமூன்று வயதில் சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தாய். அப்புறம் சிரிப்பதையே விட்டுவிட்டாய். வாயாடி என்று நான் மட்டும்தான் இன்னும் கூப்பிடுகிறேன்.

நீ அம்மா மேல் எரிந்து விழும்போதெல்லாம் நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். நீயே உண்மையைச் சொல்லிடேன் என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். அவ ஒருத்தர் மேல கோவமா இருந்தாப் போதும், ரெண்டு பேர் மேல எதுக்கு என்றாள்.

அந்தக் கவரை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொன்று இருபது என்று எழுதியிருக்கும். யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. நீ என்னோடு பேச வேண்டாம். புதன்கிழமை அம்மாவை ரயில் ஏற்றிவிடுகிறேன். உன் ஹாஸ்டல் வாசலில் உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்பாள். நீயே வந்து கூட்டிக்கொண்டு போம்மா. பல் எடுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்.

இதை எழுதியது அவளுக்குத் தெரியாது. நீ கேட்டால், நான்தான் தேய்த்தேன் என்று மறுபடியும் சொல்லுவாள். நம்பாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத,
அப்பா