முதலில் இறங்கும் விலங்கு

2091 ஜூலை 9, காலை 6.10
ஆப்பிரிக்கா, மாரா ஆற்றின் தென்கரை. பதிவு: ஜெசிந்தா, விலங்கியல். வில்டபீஸ்ட் மந்தை நலம்; நாற்பதாயிரம் இருக்கும். மாட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால், நாள் முழுக்க மூக்கடைத்த முனகல். நடுவே எங்கள் இயந்திர வில்டபீஸ்ட், பெயர் முன்னோடி. மந்தை மோந்து பின்தொடரும் குளம்பு வாசனைக்காக அதன் விலாவில் எண்ணெய்க் குப்பி. ஆற்றில் அதுதான் முதலில் இறங்கும், மந்தை பின்தொடரும். மூன்று வருடமாக இப்படித்தான்.

மதியம் 2.40
மலையில் பேய்மழை. ஆறு கரைபுரள்கிறது. முன்னோடி ஆற்றை நோக்கி நடக்கிறது. அதை வடிவமைத்த மதிவாணன் அக்கரை நிலையத்திலிருந்து ரேடியோவில் சொன்னது: "பட்டன அமுக்கி விரலே தேஞ்சிருச்சும்மா. நிக்க மாட்டேங்குது. நீ பக்கத்துல போயிராத!"
வில்டபீஸ்ட் கரைக்கு வரும், மிரளும், திரும்பும், மறுபடி வரும். முன்னோடிக்கு அந்தத் தயக்கம் இல்லை. நேர விரயமாம், நீக்கிவிட்டார்கள். அறிவுக் கொழுந்துகள்! இப்போது மந்தைக்கும் அது மறந்துவிட்டது.

3.25
ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினேன். முன்னோடி அதைத் தள்ளிக்கொண்டே நடந்தது. பானெட்டில் ஏறி, எட்டி, அதன் விலா மூடியைத் திறந்து கம்பியைப் பிடுங்கினேன். சாய்ந்தது. குப்பி என்மேல் உடைந்தது. ஜீப்பை ஆறு கொண்டுபோயிற்று. மந்தை நின்றது. ஒரு கன்றுகூடச் சாகவில்லை. நிம்மதியில் தேம்பித் தேம்பி அழுதேன்.
மதிவாணன்: "நீ மகராசி! ஆறு வடிஞ்சதும் ஆளனுப்புறேன்."

5.50
நான் நடந்தால் மந்தை நடக்கிறது. நின்றால் நிற்கிறது. எண்ணெயைக் கழுவலாம் என்று ஆற்றோரம் குனிந்தேன். முன்வரிசை வெள்ளத்தில் கால் வைத்தது. அய்யோ! திரும்பி ஓடிவந்தேன். எனக்குக் குடிக்கவும் வழியில்லை.

ஜூலை 10, காலை
ஆறு ஏறுகிறது. இங்கே புல் தீர்ந்துவிட்டது. தொலைவில் பெய்யும் மழையை மோப்பம் பிடித்து நடந்த இனம் இது. இன்று ஒன்றுகூட மூக்கைத் தூக்கவில்லை. எல்லா முகமும் என் பக்கம்.
மதிவாணன்: "நீ நின்னா அதுகளும் நின்னே சாகும். மழை பெய்யுற பக்கமா கூட்டிட்டுப் போ. எந்தப் பக்கம்னா..."
ரேடியோ அதோடு செத்தது.

கன்றுகள் பசியில் கத்துகின்றன. எழுந்தேன். அத்தனையும் எழுந்தன.
தெற்கே நடக்கிறேன். ஏன் தெற்கு என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.