பெண்கள் அறையை விட்டுக்கொடுத்த வாரம்

டிசம்பர் 8, திங்கள்

காலையில் டெல்லிக்கே உரிய கடும் பனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஆர்.கே.புரத்தில் ஆட்டோ கிடைக்கத் தாமதம். நல்லவேளை, வழக்கு வாய்தா.

மதியம் வரி வக்கீல்கள் சங்கச் செயற்குழு. போன வாரக் கருத்தரங்கு பிரமாதமாம். அதில் போட்ட பன்னீர் டிக்காவைப் பற்றியே வெகுநேரம் பேச்சு. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தீர்ப்பாயக் கட்டடத்தில் சங்கத்துக்கு உள்ள அறைகளுக்கு லைசன்ஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். சதுர அடிக் கணக்கு. பழையதைவிடப் பல மடங்கு. சந்தாவை உயர்த்தினால் இளையவர்கள் விலகிவிடுவார்கள். ஓர் அறையை ஒப்படைத்துவிடலாம் என்றார் தலைவர் சர்மாஜி.

எந்த அறை? பெண்கள் அறை.

முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "செல்வி ஜி, நீங்க இணைச் செயலாளர். தீர்மானத்தை நீங்களே கொண்டுவந்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தயிர் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

டிச. 9, செவ்.

ஜன்னல்கூட இல்லாத சின்ன அறை. ஒரு சோபா, ஒரு கண்ணாடி, உள்தாழ்ப்பாள். நாங்கள் நாலைந்து பெண்கள் சண்டை போட்டு வாங்கியது. இப்போது அதிகம் வேண்டியிருப்பது நிவேதாவுக்கு. சர்மாஜியின் ஜூனியர், கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். மதியம் அங்கேதான் தாய்ப்பாலை எடுத்துப் பாட்டிலில் சேர்ப்பாள்.

சொன்னேன். அறையை ஒப்படைக்கப் போகிறார்கள் என்று.

"சச்? நிஜமாவா, அக்கா? அப்ப நான் எங்க போறது? பாத்ரூம்லயா?"

"வியாழக்கிழமை பொதுக்குழுவில நான் எதிர்த்துப் பேசறேன். நீயும் என்னோட நில்லு."

"பக்கா, அக்கா."

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? பாதி கேஸ் சர்மாஜி அனுப்புறதுதானே?" உண்மைதான். அதனால்தான் எரிச்சல்.

டிச. 11, வியா.

பொதுக்குழு. பேசிவிட்டேன். ஒப்படைப்பதானால் செயற்குழு அறையை ஒப்படைக்கலாம், அதுதான் பெரியது, எப்போதாவதுதான் திறக்கிறோம் என்றேன். பின்வரிசையில் சிரிப்பு. "அப்ப தலைவரை மொட்டைமாடியில உக்கார வைக்கலாமா, மேடம்?"

பெண்கள் அறையை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். நிவேதாவின் கையும். முழுக்க உயரவில்லை, தோள் அளவுக்கு. ஆனால் தூக்கியிருந்தாள்.

படிக்கட்டில் ஓடிவந்து பிடித்தாள். "சார் திரும்பித் திரும்பி என்னையே பாத்தார், அக்கா. க்யா கரூம், நான் என்ன பண்ணுவேன்? இந்த வேலை போச்சுன்னா கைக்குழந்தைக்காரியை வேற யார் வெச்சுப்பாங்க?"

"நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றேன்.

ஆட்டோவில் வழியெல்லாம் மனதுக்குள் திட்டியது அவளைத்தான். வீடு வந்தபோது கோபம் இல்லை. வேறு ஏதோ. கனமாக.

டிச. 15, திங்.

சாவியைக் கொடுத்தாயிற்று. சோபாவை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. லிஃப்ட் ஓரமாகக் கிடக்கிறது. சர்மாஜியிடமிருந்து இந்த வாரம் ஒரு வழக்கும் வரவில்லை. கேட்கப் போவதில்லை. மருந்துக்கடை, கேஸ் சிலிண்டர்.

டிச. 16, செவ்.

வெயில் எட்டிப் பார்த்தது. குளிர் விடவில்லை.

மதியம் பார்க்கிங்கில் நிவேதா. அப்பாவின் பழைய காரை எடுத்து வந்திருக்கிறாள். பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் துப்பட்டாவைக் கட்டப் பார்க்கிறாள். நழுவி நழுவி விழுகிறது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கறுப்புக் கோட்டைக் கழற்றினேன். "கண்ணாடிய கொஞ்சம் இறக்கு." கோட்டின் ஓரத்தை உள்ளே விட்டு, கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். நன்றாக மறைத்தது. மறுபக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நான் நின்றேன். உள்ளே அவள் அழுவது கேட்டது. திரும்பவில்லை.

சர்மாஜி டிரைவரைத் தேடிக்கொண்டு வந்தார். "அரே செல்வி ஜி, இந்தக் குளிர்ல கோட் இல்லாம இங்க என்ன பண்றீங்க?"

"இது பெண்கள் அறை, சார். உள்ள ஆள் இருக்கு. அந்தப் பக்கமாப் போங்க."

போனார்.