இரண்டாம் ஓலைக்கு வந்த ஆட்சேபம்

இலுப்பூர், 7-6-1954

அன்புள்ள அப்பாவுக்கு,

எஸ்தர் வணக்கத்துடன் எழுதுவது. நேற்று ஆராதனையில் எனக்கும் எங்கள் பள்ளித் தச்சு வாத்தியார் ஞானமுத்துவுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது. போதகரே வாசித்தார்; நான் நேரில் கேட்டேன். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்டதும் மூப்பர் யாக்கோபு எழுந்தார். "புருஷன் போயி இத்தனை வருசம் பொறுத்த பொண்ணு, இன்னும் பொறுத்தா என்னம்மா?"

"ஒங்க வீட்டம்மா போன மறுவருசமே ஒங்களுக்கு ஓலை வாசிச்சாங்களே மூப்பரே, அப்ப யாரும் பொறுக்கச் சொல்லலையே?" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. விசுவாசியை மணக்கக் கைம்பெண்ணுக்கு வேதத்தில் தடையில்லை என்று சொல்லிப் போதகர் அவரை உட்கார வைத்தார்.

நீங்களும் நம் ஊர்ச் சபையில் மூப்பர்தான். தடை இருந்தால் வேதத்தில் காட்டுங்கள் அப்பா. ஊர்ப் பேச்சை எழுத வேண்டாம்.

வரும்போது பெட்டியிலுள்ள என் நீலப் புடவையைக் கொண்டு வாருங்கள். அவர் இறந்ததிலிருந்து உடுத்தும் வெள்ளையில் பீடத்துக்குப் போகமாட்டேன். கருப்பட்டியும் கொஞ்சம், இங்கே கிடைப்பதில் நம் வீட்டு ருசி இல்லை.

தபால் போகும் நேரமாகிவிட்டது. மூன்றாம் ஓலை வரும் ஞாயிறு, கல்யாணம் அதற்கடுத்த புதன். என் கையைப் பிடித்துக் கொடுக்க நீங்கள் வருவீர்களா என்பது மட்டும் தெரியவில்லை. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை கடைசி பஸ் வரை பார்ப்பேன். வராவிட்டால் பீடம் வரை நானே நடந்து போவேன்.

உங்கள் மகள்,
எஸ்தர்